பில்ட் உடைந்தால், போர்டு உறைந்தால்: மைக்ரோகண்ட்ரோலர் லைப்ரரி பராமரிப்பவருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஆர்ம் கார்டெக்ஸ்-எம் சிப்புகளுக்கான சி லைப்ரரி ஒன்றைப் பராமரிப்பவர்களுக்காக எழுதியது இது. ஜிசிசி (கம்பைலர்), சிமேக் (பில்டை நடத்தும் கருவி), ஓப்பன்ஓசிடி (கணினியைச் சிப்போடு பேசவைக்கும் டீபக் சர்வர்), ஜிடிபி (டீபக்கர்) ஆகிய நான்கும்தான் இங்கே கருவிப்பெட்டி. உதாரணங்களை எஸ்டிஎம்32 குடும்பத்திலிருந்து எடுத்திருக்கிறேன். வேறு சிப்பானாலும் கோளாறின் போக்கு பெரும்பாலும் இதேதான்.

ஒரு பொருளுக்கு மட்டும் ஃபர்ம்வேர் எழுதுபவருக்குத் தன் கணினியில் ஓடினால் வேலை முடிந்தது. லைப்ரரி பராமரிப்பவருக்கு அப்படியில்லை. அதை யார், எந்த ஸ்டார்ட்அப் ஃபைலோடு (சிப் எழுந்ததும் முதலில் ஓடும் கோட்), எந்த லிங்கர் ஸ்கிரிப்டோடு (நினைவகத்தில் எது எங்கே என்று லிங்கருக்குச் சொல்லும் ஃபைல்), எந்தக் கம்பைலர் பதிப்பில் இணைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கோளாறு பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் பிறக்கிறது. அதனால் கீழே வரும் எந்தத் தீர்வையும் உங்கள் மேஜையோடு நிறுத்தாதீர்கள். அது ரெப்போவுக்குள் ஒரு ஃபைலாகவோ ஒரு சோதனையாகவோ போய்ச் சேரவேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதம் அதே புகார் வேறொருவரிடமிருந்து வரும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று காரியங்கள். கம்பைலர், லிங்கர், சிமேக், ஓப்பன்ஓசிடி, ஜிடிபி எல்லாவற்றின் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பில்ட் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்படி ஓட்டும்போது வெர்போஸ் முறையில் ஓட்டி, கம்பைலருக்கும் லிங்கருக்கும் உண்மையில் போய்ச்சேர்ந்த முழுக் கட்டளை வரியைப் பாருங்கள். புகார் அனுப்புபவரிடமும் முதலில் இவற்றையே கேளுங்கள். பதில் வருவதற்குள் பல புகார்கள் தாமாகவே தீர்ந்துவிடும்.

## சிமேக் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது

"சி கம்பைலரால் ஒரு சிறிய சோதனை நிரலைக்கூடக் கம்பைல் செய்ய முடியவில்லை" என்கிற மாதிரி ஒரு செய்தி வரும். கம்பைலர் சரியாகத்தான் இருக்கும். சிமேக் ஒரு சிறு நிரலைக் கம்பைல் செய்து, லிங்க் செய்து, முழு எக்ஸிக்யூட்டபிளாக ஆக்கிப் பார்க்கிறது. ஓஎஸ் இல்லாத சிப்பில் எக்ஸிட் போன்ற அடிப்படை ஃபங்ஷன்கள் இல்லாததால் அந்த லிங்க் தோற்கிறது. எரர் வெளியீட்டில் கொஞ்சம் கீழே போனால் 'அண்டர்ஸ்கோர் எக்ஸிட்' கிடைக்கவில்லை என்ற வரியைப் பார்க்கலாம்.

எந்தக் கம்பைலர், எந்தச் சிப் என்று சிமேக்குக்குச் சொல்லும் டூல்செயின் ஃபைலில், சோதனை நிரலை ஸ்டாடிக் லைப்ரரியாக மட்டும் கட்டச் சொல்லும் 'ட்ரை கம்பைல் டார்கெட் டைப்' மாறியை அமைத்தால் தீர்ந்தது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இதை அமைத்த பிறகு லிங்க் என்பதே நடக்காது. ஆகவே "இந்த ஃபங்ஷன் இருக்கிறதா?" என்று சிமேக் செய்யும் சோதனைகள் இல்லாததற்கும் "இருக்கிறது" என்று பதில் சொல்லும். அந்த வகைச் சோதனைகளை லைப்ரரியின் சிமேக் ஃபைலிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது.

டூல்செயின் ஃபைலைத் திருத்தியும் மாற்றம் தெரியவில்லையா? கம்பைலர் பற்றிய முடிவுகளை சிமேக் முதல் கான்ஃபிகர் ஓட்டத்திலேயே கேஷில் எழுதி வைத்துவிடுகிறது. ஃபோல்டரை அழிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

## கருவியைப் புதுப்பித்ததும் பழைய கோட் உடைகிறது

கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனாலும் எரர் வருகிறது என்றால் பதிப்பு எண்களைப் பாருங்கள். அடிக்கடி மாட்டுவது இவைதான்.

"மல்டிபிள் டெஃபினிஷன்" என்று ஒரு குளோபல் மாறியைக் காட்டினால், 2020இல் வந்த ஜிசிசி 10தான் காரணம். அதற்கு முன், ஹெட்டரில் 'எக்ஸ்டர்ன்' இல்லாமல் அறிவித்த மாறியைப் பல ஃபைல்கள் சேர்த்துக்கொண்டாலும் லிங்கர் அதை ஒன்றாக்கிவிடும். 10இலிருந்து அந்தச் சலுகை இல்லை. பழைய நடத்தையைத் திருப்பிக்கொண்டுவர 'எஃப்காமன்' ஃபிளாக் இருக்கிறது. லைப்ரரியில் அதைப் போடாதீர்கள். ஹெட்டரில் 'எக்ஸ்டர்ன்', ஒரே ஒரு சி ஃபைலில் டெஃபினிஷன், அவ்வளவே.

முன்பு வார்னிங்காக மட்டும் இருந்த "அறிவிக்கப்படாத ஃபங்ஷன்" 2024இல் வந்த ஜிசிசி 14இல் எரராகிவிட்டது. பொருந்தாத பாயிண்டர் வகையும் அப்படியே. இந்த எரர் வந்தால் நன்றி சொல்லிவிட்டுத் திருத்துங்கள். திருப்பும் மதிப்பு பாயிண்டரா இன்ட்டா என்றே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த கோட் அது.

சிமேக் 4.0 வந்தபோது, 3.5க்குக் கீழான குறைந்தபட்சப் பதிப்பைக் கேட்கும் ப்ராஜெக்டுகளுக்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள். உங்கள் லைப்ரரியில் எண் சரியாக இருந்தாலும், நீங்கள் சப்மாட்யூலாக இழுத்துவரும் பழைய லைப்ரரி ஒன்றில் 2.8 என்று எழுதியிருக்கலாம். குறைந்தபட்சப் பாலிசிப் பதிப்பை 3.5 என்று கட்டளை வரியில் கொடுத்து அன்றைக்குத் தப்பிக்கலாம். நிரந்தரத் தீர்வு அந்தச் சப்மாட்யூலைப் புதுப்பிப்பதுதான்.

லிங்கர் அடங்கிய பின்யுட்டில்ஸ் தொகுப்பின் 2.39ஆம் பதிப்பிலிருந்து "லோட் செக்மெண்டுக்குப் படிக்க, எழுத, இயக்க மூன்று அனுமதியும் இருக்கிறது" என்று லிங்கர் எச்சரிக்கும். ஓஎஸ் இல்லாத, நினைவகப் பாதுகாப்பு யூனிட்டை இயக்காத சிப்பில் இதனால் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் வார்னிங்கை எல்லாம் எரராக நடத்தும் பயனருக்குப் பில்ட் நின்றுபோகும். லிங்கர் ஸ்கிரிப்டைச் சீர்செய்வது முறையான வழி. அந்த வார்னிங்கை மட்டும் அணைப்பது நடைமுறை வழி, அதில் தவறில்லை. "ரைட் அமல்படுத்தப்படவில்லை, எப்போதும் தோற்கும்" என்ற வார்னிங் வேறு ரகம். யாரோ பிரிண்ட்எஃப்பைக் கூப்பிடுகிறார்கள், எழுதுவதற்கு இடமில்லை என்பது அதன் பொருள். லைப்ரரிக்குள்ளிருந்து பிரிண்ட்எஃப் போகிறதென்றால் குற்றம் உங்களுடையது.

## லிங்கர் "விஎஃப்பி ரெஜிஸ்டர் ஆர்கியுமெண்ட்" என்று புலம்புகிறது

ஒரு ஆப்ஜெக்ட் ஃபைல் மிதவைப் புள்ளி எண்களை எஃப்பியு (மிதவைப் புள்ளிக் கணக்கு யூனிட்) ரெஜிஸ்டரில் அனுப்புகிறது, இன்னொன்று சாதாரண ரெஜிஸ்டரில் எதிர்பார்க்கிறது. 'ரீட்எல்ஃப்' கருவியில் ஆர்ம் அட்ரிப்யூட்டுகளைக் காட்டச் சொல்லி இரண்டு ஃபைலையும் ஒப்பிட்டால் எது ஒத்துவரவில்லை என்று தெரிந்துவிடும்.

எஃப்பியு ரெஜிஸ்டரில் அனுப்பச் சொல்லும் ஹார்ட் ஃப்ளோட் ஃபிளாக் கம்பைல் வரியில் இருந்து லிங்க் வரியில் இல்லாமல் போவதுதான் வழக்கமான காரணம். லிங்க் வரியிலுள்ள ஃபிளாகை வைத்துத்தான் ஜிசிசி எந்த சி லைப்ரரியை எடுப்பது என்று முடிவு செய்கிறது. ஃபிளாக் இல்லையென்றால் சாஃப்ட் ஃப்ளோட் பதிப்பை எடுத்துவிடும். இந்த ஃபிளாகுகளை லைப்ரரியின் சிமேக் ஃபைலுக்குள் எழுதுவதை நிறுத்துங்கள். அவை சிப்பைச் சேர்ந்தவை, லைப்ரரியைச் சேர்ந்தவை அல்ல. டூல்செயின் ஃபைலில் இருந்தால் கம்பைல், லிங்க் இரண்டுக்கும் ஒன்றாகப் போகும். எம்7 சிப்புகளிலேயே ஒற்றைத் துல்லிய எஃப்பியு உள்ளவையும் இரட்டைத் துல்லியம் உள்ளவையும் இருக்கின்றன. நீங்கள் ஊகித்து எழுதினால் யாரோ ஒருவருக்குத் தவறாகத்தான் இருக்கும்.

## பில்ட் சுத்தம், ஆனால் முதல் இன்டரப்ட் வந்ததும் போர்டு உறைகிறது

லைப்ரரி பராமரிப்பவரின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். எரர் இல்லை, வார்னிங் இல்லை, உங்கள் உதாரண ப்ராஜெக்டில் ஓடுகிறது, பயனரின் ப்ராஜெக்டில் மட்டும் உறைகிறது.

ஜிடிபியில் நிறுத்திப் பாருங்கள். டிஃபால்ட் ஹேண்ட்லர் (வேறு ஹேண்ட்லர் இல்லாத இன்டரப்ட் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) என்ற முடிவில்லாத லூப்பில் நின்றுகொண்டிருக்கும். எந்த இன்டரப்ட் அங்கே கொண்டுவந்து விட்டது என்று அறிய எக்ஸ்பிஎஸ்ஆர் ரெஜிஸ்டரின் கீழ் 9 பிட்டுகளைப் படியுங்கள். உதாரணமாக அது ஹெக்ஸில் 36 என்றால், தசமத்தில் 54. முதல் 16 எண்கள் ப்ராசஸருக்கே உரியவை என்பதால் அதிலிருந்து 16ஐக் கழித்தால் 38. எஸ்டிஎம்32எஃப்4இல் 38ஆம் இன்டரப்ட் யுஎஸ்ஏஆர்டி2 என்ற சீரியல் போர்ட்டுடையது. ஆக, யுஎஸ்ஏஆர்டி2இன் ஹேண்ட்லர் லைப்ரரியில் இருந்தும் வெக்டர் டேபிளில் (எந்த இன்டரப்டுக்கு எந்த ஹேண்ட்லர் என்ற பட்டியலில்) ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை? ஸ்டார்ட்அப் ஃபைல் ஒவ்வொரு இன்டரப்டுக்கும் ஒரு வீக் சிம்பலை (வலுவான டெஃபினிஷன் வந்தால் விட்டுக்கொடுக்கும் பெயரை) வைத்து, எல்லாவற்றையும் டிஃபால்ட் ஹேண்ட்லருக்குத் திருப்பியிருக்கும். நீங்கள் எழுதிய உண்மையான ஹேண்ட்லர் ஸ்டாடிக் ஆர்க்கைவுக்குள், அதாவது லைப்ரரியின் ஆப்ஜெக்ட் ஃபைல்களைக் கட்டிவைத்த தொகுப்புக்குள் இருக்கிறது. லிங்கர் ஆர்க்கைவைத் திறப்பது, இன்னும் டெஃபினிஷன் கிடைக்காத சிம்பலைத் தேடத்தான். வீக் சிம்பலும் லிங்கரின் கணக்கில் கிடைத்துவிட்ட சிம்பலே. எனவே ஆர்க்கைவுக்குள் இன்னும் வலுவான ஒன்று இருக்கிறதா என்று அது எட்டிப்பார்ப்பதே இல்லை.

அப்படியானால் சில ப்ராஜெக்டுகளில் மட்டும் எப்படி ஓடுகிறது? ஹேண்ட்லர் இருக்கும் அதே ஆப்ஜெக்ட் ஃபைலில் யுஆர்ட் இனிஷியலைஸ் ஃபங்ஷனும் இருந்தால், அதற்காக அந்த ஃபைல் உள்ளே இழுக்கப்படும். கூடவே ஹேண்ட்லரும் வந்து வீக் சிம்பலை மாற்றிவிடும். பிறகு ஒருநாள் யாராவது கோடை அழகாக்குகிறேன் என்று ஹேண்ட்லரைத் தனி சி ஃபைலுக்கு நகர்த்துவார்கள். ரிவ்யூவில் யாருக்கும் எதுவும் தவறாகத் தெரியாது. அடுத்த வெளியீட்டில் போர்டுகள் உறையத் தொடங்கும்.

உறுதிசெய்ய, சிம்பல்களைப் பட்டியலிடும் 'என்எம்' கருவி போதும். லிங்க் முடிந்து வரும் எல்ஃப் ஃபைலில் அந்த ஹேண்ட்லரின் பெயருக்குப் பக்கத்தில் பெரிய 'டி' இருந்தால் உண்மையான ஹேண்ட்லர் வந்துவிட்டது. 'டபிள்யூ' இருந்து, முகவரியும் டிஃபால்ட் ஹேண்ட்லரின் முகவரியாகவே இருந்தால் வரவில்லை.

தீர்வுகள் பல உண்டு, எல்லாம் ஒரே தரமில்லை. லிங்கருக்கு 'யு' ஃபிளாகில் ஹேண்ட்லர் பெயரைக் கொடுத்துக் கட்டாயமாக இழுக்கச் சொல்லலாம் என்று பலரும் முதலில் இதைத்தான் முயல்வார்கள். ஸ்டார்ட்அப் ஃபைல் ஆர்க்கைவுக்கு முன்னால் லிங்க் ஆனால், அந்தக் கோரிக்கையை வீக் சிம்பலே நிறைவு செய்துவிடும், பலன் இல்லை. அதே ஆப்ஜெக்ட் ஃபைலில் வேறு பெயருள்ள ஒரு அடையாளச் சிம்பலை வைத்து அதை இழுக்கச் சொன்னால் வேலை செய்யும். 'ஹோல் ஆர்க்கைவ்' ஃபிளாக் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவரும். பயன்படாததை லிங்கரின் கார்பேஜ் கலெக்ஷன் கழித்துவிடும் என்றாலும், பயனர் தானே ஒரு ஹேண்ட்லர் எழுதியிருந்தால் இரண்டும் மோதி மல்டிபிள் டெஃபினிஷன் வரும். சிமேக்கில் லைப்ரரியை ஆப்ஜெக்ட் வகையாக அறிவித்தாலும் அதே பலன், அதே சிக்கல்.

என் கருத்தில் சரியான தீர்வு வேறு. ஹேண்ட்லரின் பெயரை லைப்ரரி சொந்தம் கொண்டாடவே கூடாது. லைப்ரரி ஒரு சாதாரண ஃபங்ஷனைக் கொடுக்கட்டும், பயனர் தன் ஹேண்ட்லருக்குள்ளிருந்து அதைக் கூப்பிடட்டும். ஒரு வரி கூடுதல் வேலைதான். ஆனால் யார் கையில் எது இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஏற்கெனவே வெளிவந்த லைப்ரரியில் இதை மாற்ற முடியாதென்றால், சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாகப் பில்டும் சோதனையும் ஓடும் சர்வரில்) உதாரண எல்ஃப் ஃபைலை என்எம் கொண்டு சோதித்து, 'டபிள்யூ' தெரிந்தால் பில்டைத் தோற்கடியுங்கள்.

இதே அறிகுறிக்கு இன்னும் இரண்டு காரணங்கள். பயனர் ஹேண்ட்லரை சி++ ஃபைலில் 'எக்ஸ்டர்ன் சி' இல்லாமல் எழுதியிருந்தால் பெயர் உருமாறி, வீக் சிம்பல் அப்படியே நிற்கும். பூட்லோடர் வழியாக வரும் நிரல், வெக்டர் டேபிள் எங்கே என்று சிப்புக்குச் சொல்லும் விடிஓஆர் ரெஜிஸ்டரைத் தன் டேபிளுக்குத் திருப்பவில்லையென்றால், இன்டரப்ட் பூட்லோடரின் ஹேண்ட்லருக்கே போகும். கார்டெக்ஸ்-எம்0இல் விடிஓஆர் கிடையவே கிடையாது. அங்கே பூட்லோடர் எழுதியவர் வேறு வழி வைத்திருப்பார், அவரைத்தான் கேட்கவேண்டும்.

## ஃப்ளாஷ் நிரம்பிவிட்டது, அல்லது சந்தேகப்படும்படி காலியாக இருக்கிறது

நிரம்பினால் என்எம்மை அளவு வாரியாக வரிசைப்படுத்தச் சொல்லிக் கடைசி இருபது வரிகளைப் பாருங்கள். மிதவை எண் அச்சிடும் பிரிண்ட்எஃப் அங்கே உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம். ஃபங்ஷன்களைத் தனித்தனிச் செக்ஷனாகப் பிரிக்கும் ஃபிளாகோடு லைப்ரரி கம்பைல் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் கார்பேஜ் கலெக்ஷனால் கழிக்க முடியாது. மாறாக, முழு நிரலும் சில நூறு பைட்டுகளில் முடிந்து போர்டில் உயிரே இல்லையென்றால், லிங்கர் ஸ்கிரிப்டில் வெக்டர் டேபிளைச் சுற்றி 'கீப்' இல்லை. டேபிளையே குப்பை என்று லிங்கர் எறிந்துவிட்டது.

## என் கணினியில் ஓடுகிறது, சிஐயில் தோற்கிறது

பதிப்பு எண்ணை 'கிட் டிஸ்க்ரைப்' மூலம் எடுக்கிறீர்கள் என்றால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். சிஐ சர்வர்கள் பெரும்பாலும் கடைசிக் கமிட்டை மட்டும் இறக்குகின்றன, டேக்குகள் வருவதில்லை, கட்டளை "பெயர்கள் எதுவும் இல்லை" என்று தோற்கிறது. முழு வரலாற்றையும் இறக்கச் சொன்னால் சிஐ பிழைக்கும். ஆனால் ஜிப் ஃபைலாக இறக்கும் பயனரிடம் கிட்டே இருக்காது. ஆகவே ரெப்போவில் ஒரு பதிப்பு ஃபைலை வைத்து, கிட் இல்லாதபோது அதைப் படிக்கும்படி ஸ்கிரிப்டை எழுதுங்கள்.

ஆர்ம் தரும் சிம்சிஸ் ஹெட்டர் கிடைக்கவில்லை என்றால் சப்மாட்யூல் ஃபோல்டர் காலியாக இருக்கும். சிமேக் ஃபைலிலேயே அதைச் சோதித்து, என்ன கட்டளை கொடுக்கவேண்டும் என்று தெளிவான வாக்கியத்தில் சொல்லி நிறுத்துவது பல புகார்களைத் தவிர்க்கும். விண்டோஸில் ஓடி லினக்ஸில் ஹெட்டர் கிடைக்காவிட்டால் ஃபைல் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறியிருக்கும். ஷெல் ஸ்கிரிப்ட் "பேட் இன்டர்பிரெட்டர்" என்று தோற்றால் வரி முடிவு விண்டோஸ் பாணியில் இருக்கிறது. அதற்குக் கிட் அட்ரிப்யூட்ஸ் ஃபைலில் ஒரு வரி போதும்.

## ஓப்பன்ஓசிடிக்கு ப்ரோப் தெரியவில்லை

ப்ரோப் என்பது கணினியையும் சிப்பையும் இணைக்கும் யுஎஸ்பி சாதனம். லினக்ஸில் யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள். எஸ்டி-லிங்க் வி2 என்றால் 0483:3748 என்ற எண் தெரியவேண்டும். எண்ணே இல்லையென்றால் கேபிளை மாற்றுங்கள், மின்சாரம் மட்டும் கடத்தும் கேபிள்கள் நிறையச் சுற்றுகின்றன. எண் இருந்தும் அனுமதி மறுக்கப்பட்டால், சாதனத்துக்கு அனுமதி தரும் யுடெவ் விதி இல்லை. ஓப்பன்ஓசிடியின் மூலக் கோடில் 'கான்ட்ரிப்' ஃபோல்டரில் 60 என்று தொடங்கும் விதி ஃபைல் தயாராக இருக்கிறது. அதை நிறுவும் வழியை உங்கள் ஆவணத்தில் எழுதுங்கள். 'சூடோ போட்டு ஓட்டுங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள். பில்ட் ஃபோல்டரில் ரூட்டுக்குச் சொந்தமான ஃபைல்கள் உருவாகி, அடுத்த பில்ட் வேறொரு எரரில் நிற்கும்.

அனுமதியும் சரி, ஆனால் ப்ரோப் 'பிஸி' என்றால் ஐடிஇ பின்னணியில் திறந்த இன்னொரு சர்வர் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. 3333ஆம் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று வரும் எரரும் அதே கதைதான். டாக்கருக்குள் ஓட்டுபவர்கள் யுஎஸ்பி பஸ்ஸை உள்ளே கொடுக்கவேண்டும்.

## ப்ரோப் தெரிகிறது, சிப் பதில் சொல்லவில்லை

ஓப்பன்ஓசிடி காட்டும் டார்கெட் வோல்டேஜ் வரியை முதலில் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போர்டுக்கு மின்சாரம் இல்லை, அல்லது ரெஃபரன்ஸ் பின் இணைக்கப்படவில்லை. சில நகல் ப்ரோப்கள் போர்டை அளக்காமல் தங்கள் சொந்த வோல்டேஜையே காட்டும், ஆகவே 3.3 என்று தெரிந்தாலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, வேகத்தைக் குறையுங்கள். நீளமான ஜம்பர் வயரில் 4000 கிலோஹெர்ட்ஸ் ஓடாது, 400இல் ஓடும். பழைய கான்ஃபிக் ஃபைலை நகலெடுத்தால் வேகத்துக்கான கட்டளைப் பெயர் மாறியிருப்பதைக் கவனியுங்கள். 'அடாப்டர்' என்ற சொல்லும் 'கேஹெச்இசட்'டும் அண்டர்ஸ்கோரில் இணைந்த பழைய பெயரை விட்டு, 'அடாப்டர் ஸ்பீட்' என்று இரண்டு சொல்லாக எழுதுவதே இப்போதைய முறை.

போர்டில் ஏற்கெனவே இருக்கும் நிரல்கூட டீபக் வழியை அடைத்திருக்கலாம். எஸ்டிஎம்32இல் பிஏ13, பிஏ14 இரண்டும்தான் ப்ரோப் பேசும் எஸ்டபிள்யூடி பின்கள். யாராவது அவற்றைச் சாதாரண ஜிபிஐஓவாக (உள்ளீட்டு, வெளியீட்டுப் பின்னாக) மாற்றினாலும், நிரல் உடனே ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போனாலும் ப்ரோப்பால் பேச முடியாது. ரீசெட் பின்னை இழுத்துப் பிடித்தபடி இணையும் முறையைக் கான்ஃபிக்கில் இயக்குங்கள். இதற்கு ப்ரோப்பிலிருந்து ரீசெட் வயர் போயிருக்கவேண்டும். வயர் இல்லாத போர்டில் பூட்0ஐ உயர்த்தி உள்ளமைந்த பூட்லோடரில் எழுப்பினால் பழைய நிரல் ஓடாது, பிறகு அழித்துவிடலாம். லைப்ரரியின் ஜிபிஐஓ உதாரணம் ஒரு போர்ட்டின் எல்லாப் பின்களையும் லூப்பில் மாற்றுகிறதா என்று அப்படியே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்டிஎம்32எஃப்103 என்று அச்சிட்ட சிப்பில் "எதிர்பாராத ஐடி கோட்" வந்து, எதிர்பார்த்த எண் 1இலும் கிடைத்த எண் 2இலும் தொடங்கி மற்ற இலக்கங்கள் எல்லாம் ஒத்துப்போனால் அது நகல் சிப். எதிர்பார்க்கும் எண்ணைக் கட்டளை வரியில் மாற்றினால் இணையும். ஆனால் லைப்ரரியோடு வரும் கான்ஃபிக்கில் அதை நிரந்தரமாகத் தளர்த்தாதீர்கள். பிறகு அந்தச் சிப்பில் ஏடிசி ஏன் தவறாகப் படிக்கிறது என்ற கேள்வியும் உங்களிடமே வரும்.

## ஜிடிபியே திறக்கவில்லை

ஆர்ம் வெளியிட்ட 10.3 டூல்செயினிலுள்ள ஜிடிபி, என்கர்சஸ் 5 என்ற லைப்ரரியைத் தேடும். புதிய லினக்ஸ் பதிப்புகளில் அது இருக்காது. உபுண்டு, டெபியன் இரண்டிலும் 'ஜிடிபி மல்டிஆர்க்' என்ற பேக்கேஜை நிறுவிக்கொள்வது எளிது. உங்கள் ஸ்கிரிப்டில் ஜிடிபியின் பெயரை நேரடியாக எழுதாமல், இரண்டில் எது இருக்கிறதோ அதை எடுக்கும்படி வையுங்கள்.

## பிரேக்பாயிண்ட் விழவில்லை, வரிகள் தாவுகின்றன

ஃப்ளாஷில் ஓடும் நிரலுக்கு ஹார்ட்வேர் பிரேக்பாயிண்ட்தான். எம்3, எம்4இல் 6, எம்0இல் அதிகபட்சம் 4. ஒரு ஃபங்ஷனைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக ஜிடிபியே ஒன்றைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும், ஆகவே எப்போதும் ஒன்றைக் காலியாக விடுங்கள்.

வரிகள் முன்னும் பின்னும் தாவி, மாறிகள் 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்று தெரிந்தால் அது கோளாறே அல்ல. டீபக் பில்டுக்கு 'ஓஜி' நிலையைக் கொடுங்கள். சோர்ஸ் ஃபைல் கிடைக்கவில்லை என்றால், லைப்ரரி கட்டப்பட்ட கணினியின் பாதை எல்ஃப் ஃபைலுக்குள் பதிந்திருக்கிறது. பயனர் ஜிடிபியில் 'சப்ஸ்டிட்யூட் பாத்' கொடுக்கலாம். முன்கூட்டியே கட்டிய ஆர்க்கைவை வெளியிடுகிறீர்கள் என்றால் ஃபைல் ப்ரீஃபிக்ஸ் மேப் ஃபிளாகால் அந்தப் பாதையைச் சார்புப் பாதையாக்கிவிடுங்கள். உங்கள் ஹோம் ஃபோல்டரின் பெயரை எல்லோருக்கும் அனுப்பவேண்டிய அவசியம் இல்லை.

## டீபக்கர் இருந்தால் ஓடுகிறது, கழற்றினால் நிற்கிறது

செமிஹோஸ்டிங்கைத் தேடுங்கள். பிரிண்ட்எஃப்பை ப்ரோப் வழியாகக் கணினிக்கு அனுப்பும் அந்த முறையில், ஒவ்வொரு அச்சுக்கும் சிப் ஒரு பிரேக்பாயிண்ட் இன்ஸ்ட்ரக்ஷனை இயக்குகிறது. டீபக்கர் இருந்தால் அது பிடித்துக்கொண்டு வேலையை முடித்துத் திருப்பி விடும். டீபக்கர் இல்லையென்றால் அதே இன்ஸ்ட்ரக்ஷன் ஹார்ட் ஃபால்ட்டாகிவிடும், அதாவது நிரல் தொடர முடியாத பிழையாகிவிடும். லிங்க் வரியில் 'ஆர்டிமான்' ஸ்பெக்ஸ் இருந்தால் இதுதான் காரணம், வெளியீட்டு பில்டில் அதை 'நோசிஸ்' ஆக்குங்கள். எம்3, எம்4இல் டிஹெச்சிஎஸ்ஆர் ரெஜிஸ்டரின் 0ஆம் பிட்டைப் படித்து டீபக்கர் இருக்கிறதா என்று நிரலே தெரிந்துகொள்ளலாம். எம்0இல் அந்த ரெஜிஸ்டரை நிரலால் பார்க்க முடியாது, எனவே இந்தத் தந்திரத்தை லைப்ரரியில் பொதுவாக வைக்காதீர்கள்.

செமிஹோஸ்டிங் இல்லையென்றால், டீபக்கர் சத்தமில்லாமல் செய்யும் உதவிகளைப் பாருங்கள். ஜிடிபியின் 'லோட்' கட்டளை நிரலை எழுதியபின் எல்ஃப் ஃபைலிலுள்ள தொடக்க முகவரியை நேரே பிசியில் (அடுத்து ஓடவேண்டிய முகவரியை வைத்திருக்கும் ரெஜிஸ்டரில்) வைக்கிறது. வெக்டர் டேபிள் கெட்டிருந்தாலும் நிரல் ஓடும், மின்சாரத்தை அணைத்துப் போட்டால்தான் குட்டு வெளிப்படும். ஓப்பன்ஓசிடியின் எஸ்டிஎம்32எஃப்4 கான்ஃபிக், 'ரீசெட் இனிட்' கட்டளையின்போது கிளாக்கை 64 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்திவிடுகிறது. உங்கள் கிளாக் கோட் தப்பாக இருந்தாலும் அதன் மேல் சவாரி செய்யும். சோதிக்கும்போது 'ரீசெட் ஹால்ட்' கொடுப்பது பாதுகாப்பு.

இதற்கு எதிர்மாறாக, டீபக்கர் இருக்கும்போது மட்டும் கெடுவதும் உண்டு. நிறுத்திய சில நொடியில் ரீசெட் ஆனால் வாட்ச்டாக் (நிரல் நின்றுபோனால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) ஓடிக்கொண்டிருக்கிறது. எஃப்4இல் டிபிஜிஎம்சியுவின் ஏபிபி1 ஃப்ரீஸ் ரெஜிஸ்டரில் 12ஆம் பிட்டை ஏற்றினால் சிப் நிற்கும்போது அதுவும் நிற்கும். யுஆர்ட்டில் பைட்டுகள் காணாமல்போனால் ஐடிஇயில் ரெஜிஸ்டர் பார்க்கும் ஜன்னலை மூடுங்கள். டேட்டா ரெஜிஸ்டரை அந்த ஜன்னல் படித்தாலே, வந்த பைட்டை வாங்கிக்கொண்டதாகச் சிப் எடுத்துக்கொள்ளும்.

## ஹார்ட் ஃபால்ட்

ஓப்பன்ஓசிடியில் வெக்டர் கேட்ச்சை ஹார்ட் எரருக்கு இயக்கி வைத்தால், ஃபால்ட் நடந்த உடனேயே சிப் நிற்கும். நின்றதும் எல்ஆர் ரெஜிஸ்டரின் 2ஆம் பிட்டைப் பாருங்கள். 0 என்றால், ஃபால்ட்டின்போது சிப் சேமித்த ரெஜிஸ்டர்களின் ஃபிரேம் எம்எஸ்பி (முதன்மை) ஸ்டாக்கில், 1 என்றால் பிஎஸ்பி (ப்ராசஸ்) ஸ்டாக்கில். அந்த ஸ்டாக்கில் 8 வார்த்தைகள் (32 பிட் மதிப்புகள்) வரிசையாக இருக்கும், ஏழாவதுதான் ஃபால்ட் நடந்த இடத்தின் பிசி. அதை ஜிடிபியிடம் கொடுத்தால் வரியைக் காட்டும்.

பிறகு ஃபால்ட்டின் காரணத்தைச் சொல்லும் சிஎஃப்எஸ்ஆர் ரெஜிஸ்டர். ஹெக்ஸில் 8200 என்றால் தவறான முகவரியைத் தொட்டது துல்லியமாகத் தெரிகிறது, பிஎஃப்ஏஆரில் அந்த முகவரியே இருக்கும். 400 என்றால் எழுதும் பஃபர் வழியாகத் தாமதமாக வந்த ஃபால்ட், பிசி காட்டும் வரி குற்றவாளி அல்ல. எம்3, எம்4இல் ஆக்ஸிலரி கண்ட்ரோல் ரெஜிஸ்டரின் 1ஆம் பிட்டால் அந்தப் பஃபரை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினால் உண்மையான வரி சிக்கும். 20000 வந்தால் தம்ப் பிட் (கடைசி பிட் 1) இல்லாத முகவரிக்குத் தாவியிருக்கிறது. லைப்ரரிகளில் இது பெரும்பாலும் பதிவு செய்யாத கால்பேக், அதாவது நல் பாயிண்டர். 80000 என்றால் எஃப்பியு இன்ஸ்ட்ரக்ஷன் வந்திருக்கிறது, ஆனால் எஃப்பியு இயக்கப்படவில்லை. பயனரின் ஸ்டார்ட்அப் கோடில் எஃப்பியுவை இயக்கும் சிபிஏசிஆர் அமைப்பு விடுபட்டிருக்கும்.

எம்0இல் சிஎஃப்எஸ்ஆரே கிடையாது, ஸ்டாக் ஃபிரேம் மட்டும்தான். எம்4இல் எல்லாச் சோதனையும் தேறிய லைப்ரரி எம்0இல் மட்டும் ஃபால்ட் ஆகிறதா? பிசி காட்டும் வரியில் பைட் பாயிண்டரை 32 பிட் பாயிண்டராக காஸ்ட் செய்து படிக்கும் கோட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒழுங்கற்ற முகவரியிலிருந்து ஒரு வார்த்தையைப் படிப்பதை எம்4 பொறுத்துக்கொள்ளும், எம்0 பொறுக்காது. அந்த இடத்தில் 'மெம்காப்பி' எழுதுங்கள். ஒழுங்கற்ற அணுகலைத் தாங்கும் சிப்புக்கு ஜிசிசி அதை ஒற்றை லோடாகவே சுருக்கிவிடும், எம்0க்குப் பைட் பைட்டாகப் பிரித்துக்கொள்ளும்.